மங்கலம் பாடாத நாடு

வெண்ணந்தூர்
குரோதி, ஆனி 25

என் மகன் நந்தகுமாரின் இல்லத்தை விளக்கும் சுகன்யாவுக்கு, இறையருள் முன்னிற்க.

அம்மணி, இக்கடிதத்தில் சினம் இருக்கிறது. வாயால் சினந்திருந்தால் அது அன்றைக்கே காற்றில் கரைந்திருக்கும். மருத்துவர்கள் என் குரல்வளையை எடுத்த பிறகு, சினப்பதற்கும் எனக்குத் தாள் வேண்டியிருக்கிறது.

சென்ற ஞாயிறு சேலத்தில் நீ எடுத்த படத்தை உன் தோழர்களுக்குத் திரையிட்டாய். நானும் உன் அத்தையும் இரண்டாம் வரிசையில் இருந்தோம். என் கழுத்தின் துளையை மறைக்க வெள்ளைத் துணி சுற்றியிருந்தேன். விளக்கணைந்ததும் என் குரல் வந்தது. மாசி மாதம் அறுவைக்கு நான்கு நாள் முன்னர், உன் வீட்டு அறையில், உன் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து நான் பாடிய அதே குரல். ஐந்து மாதமாகக் காணாத ஒருவரைக் கண்டதுபோல் எனக்கு உடல் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு அடங்குமுன் அவையோர் சிரித்தார்கள்.

திரையில் வறண்ட ஏரி. தண்ணீர் லாரியின்மேல் சிம்மாசனம். அதில் கோழிப்பண்ணை மாரியப்பன் மகுடத்தோடு வீற்றிருக்கிறான். என் குரலோ, மாதம் மும்மாரி பொழியும் நாடென்று பாடுகிறது. பிறகு நான் இயற்றிய இந்தச் செய்யுள்:

கோழியொன் றெழுந்து பொங்கிக் கொடுஞ்சுமை யூர்தி ஓட்ட
ஆழிசூழ் உலகில் வீரம் அவ்விடத் துளதென் றெண்ணி
வாழிய என்று சொல்லி மன்னவன் குடையை ஊன்ற
ஏழிசை முழங்க அங்கே எழுந்ததோர் நாடு மாதோ.

ஒரு கோழி லாரியைத் துரத்திய இடத்தில் நாடு தோன்றியது என்று நீ கதை சொன்னபோது நான் ஐயுறவில்லை. முயல் வேட்டைநாயைத் துரத்திய நிலத்தில் தலைநகர் எழுந்தது என்று எத்தனை ஊர்களின் தோற்றக் கதைகள் சொல்கின்றன. மண்ணின் வீரத்தைச் சிற்றுயிர் வழியாக இறைவன் உணர்த்துவது நம் மரபு. உன் கோழியையும் அவ்வாறே கொண்டேன். நீராடி, நீறணிந்து, நோன்பிருந்து பாடினேன்.

என் பக்கத்தில் இருந்த அன்பர், யாரென்று அறியேன், சிரிப்புத் தாளாமல் என் தொடையில் தட்டிக் கேட்டார்: “யாருங்க இந்தப் பெரியவரு? நெசமாவே நம்பிப் பாடறாருங்க.”

நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, குரல் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வரும் ஆவணி இரண்டாம் நாள் இதே படத்தை வெண்ணந்தூர்க் கல்யாண மண்டபத்தில் காட்டப்போகிறாய் என்கிறான் நந்தகுமார். ஐப்பசி சஷ்டி ஆறு நாளும் என் வாயால் புராணம் கேட்ட ஊர் இது. அவர்கள் முன் என் குரல் நகைப்புக்கிடமாவதை நான் பொறுக்கமாட்டேன். அதற்குள் என் குரலை உன் படத்திலிருந்து நீக்கிவிடு.

முருகானந்தம்

*

சூரமங்கலம், ரயில்வே குடியிருப்பு
2024 ஜூலை 15

மாமா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு வேலைக்குப் போகாமல், நீங்கள் பாடிய அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தண்டவாளத்தில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நீங்கள் பாடிய அன்று வண்டி வரும்போதெல்லாம் கையை உயர்த்தி நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்தில் எடுத்தீர்கள். அப்படிப் பதினேழு முறை. ஒருமுறைகூடச் சுருதி இறங்கவில்லை.

முதலில் என் குற்றம். படம் நையாண்டி என்று நான் உங்களிடம் சொல்லவில்லை. ‘வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டுக்கு நாட்டுப் படலம் வேண்டும்’ என்று கேட்டு, கோழிக் கதையை மட்டும் சொன்னேன். சொல்லியிருந்தால் நீங்கள் பாடியிருக்கமாட்டீர்கள். பாடியிருந்தாலும் கண்சிமிட்டிப் பாடியிருப்பீர்கள். எனக்கு நம்பிப் பாடும் குரல்தான் வேண்டியிருந்தது. அது கபடம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கேட்க அனுமதியுங்கள். முயல் நாயைத் துரத்தியது என்றால் கைகூப்புகிறோம். கோழி லாரியைத் துரத்தியது என்றால் சிரிக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில நூறு ஆண்டுகள் மட்டும்தானே? படம் அதைத்தான் கேட்கிறது. அன்று அவையோர் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தாங்களும் இதுபோல் ஒரு கதையை நம்பித்தான் ஒவ்வோர் ஆண்டும் கொடிக்கு முன் நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, அந்தக் கூச்சத்தில் சிரித்தார்கள்.

என் அப்பா ஆட்டையாம்பட்டியிலிருந்து வடக்கே லாரி ஓட்டியவர் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். ஒவ்வொரு எல்லைச் சாவடியிலும் வண்டி நிற்கும். இந்தப் பக்கம் ஒரு புளியமரம், அந்தப் பக்கம் ஒரு புளியமரம். இந்தப் பக்கத்து மனிதர் தம் மண்ணை உண்டாக்கிய வீரரைப் பற்றிச் சொல்வார். அந்தப் பக்கத்து மனிதரும் சொல்வார். வாளும் குதிரையும் கனவில் வந்த அம்மனும் இரண்டு கதையிலும் உண்டு. பெயர் மட்டும் மாறும். அப்பா இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, வண்டியில் ஏறியதும் என்னிடம், “ரெண்டு பேரு மரத்துலயும் புளி ஒரே புளிப்புத்தான் சாமி” என்பார்.

உங்கள் குரல் உங்களுடையது. நீக்கு என்றால் நீக்குவேன். அது இல்லாவிட்டால் என் படம் வெறும் பகடியாகிவிடும், கல்லூரி விழாவில் பையன்கள் போடும் மாறுவேடம்போல. அந்த நாட்டை உண்மையிலேயே நேசிக்கும் ஒரே ஆள் படத்தில் உங்கள் குரல்தான். இன்னொரு முறை யோசியுங்கள் என்று கேட்பதைத் தவிர எனக்கு வேறு வாதம் இல்லை.

அத்தையிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

சுகன்யா

*

வெண்ணந்தூர்
குரோதி, ஆடி 5

சுகன்யாவுக்கு,

யோசித்தேன். நீக்கு.

நீ கெட்டிக்காரி. முயலையும் கோழியையும் ஒரே தராசில் வைத்துவிட்டாய். ஆயினும் நாடென்பது தாய். ஒருத்தி பிள்ளை பெறும் அறையின் கதவைத் திறந்துவைத்து, அவள் அலறுவதைக் காட்டிச் சிரிக்கச் செய்வது அறமாகுமா? பிறப்பின் கதைகள் துணிபோல அப்பிறப்பின்மேல் போர்த்தப்பட்டவை. துணி பொய்தான். போர்த்துவது பொய்யன்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதை நந்தகுமாரிடமும் சொன்னதில்லை.

நான் உன் அறையில் காப்புப் பாடித் தொடங்கினேன், நாட்டு வளமும் நகர வளமும் பாடினேன், மங்கலம் பாடவில்லை. நீயும் கேட்டாய், இருமல் என்று கைகாட்டினேன். இருமல் இல்லை. புராணம் படிக்கும் எங்கள் வழியில் ஒரு பழக்கம் உண்டு. நோயிலோ நெடும்பயணத்திலோ போகிறவன் கடைசிச் செய்யுளைப் பாடாமல் மிச்சம் வைப்பான். தொடங்கிய நூல் முடிவு கேட்கும். அது அவனைத் திரும்ப அழைத்துவரும். அவ்வாறே என் குருநாதர் இருமுறை காய்ச்சலிலிருந்து மீண்டார். நானும் அறுவைக்குப் போகுமுன் மங்கலத்தை ஈடாக வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தேன். குரல் வரவில்லை.

இப்போது அந்தப் பாடல் காப்போடு தொடங்கி வாழ்த்தில்லாமல் நிற்கிறது. மங்கலமில்லாத பாடல் கேட்பவருக்கும் பாடியவனுக்கும் நன்றன்று. நீ இதை நம்பமாட்டாய். நான் நம்புகிறேன். நீ அதை எத்தனை ஊரில் ஓட்டினாலும் அத்தனை முறையும் நான் முடிக்காமல் எழுந்துபோனவன் ஆவேன்.

நேற்றுப் பிற்பகல் உறக்கத்தில் ஒரு கனவு. உன் வீட்டுக் கூடத்தில் என் குரல் உட்கார்ந்து உணவு கொள்கிறது. அதற்கு உடல் இல்லை. இலைக்கு முன் ஒரு வெளிச்சம்போல் இருக்கிறது. நீ சோறிட்டு, போதுமா மாமா என்று கேட்கிறாய். நான் வாசலில் நிற்கிறேன். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. என் குரல் நிமிர்ந்து பார்த்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்று உனக்குச் சொல்கிறது.

விழித்தபோது உன் அத்தை என் முகத்தைத் துடைத்தாள். கனவை எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு அவள் சொன்னது உனக்குத் தெரியவேண்டும்: “உங்க கொரலு அங்கயாச்சும் நேரத்துக்குச் சோறு திங்குது. நீங்கதான் இங்க ரெண்டு வாய்ல எந்திரிக்கறீங்க.” அவள் உன் கட்சி. படத்தில் கோழி நடக்கும் நடையைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் சிரிக்கிறாள்.

முருகானந்தம்

*

சூரமங்கலம்
2024 ஜூலை 28

மாமா அவர்களுக்கு,

நீக்கிவிட்டேன். இத்துடன் பென் டிரைவ் ஒன்று அனுப்புகிறேன். உங்கள் குரல் இல்லாத படம் அதில் இருக்கிறது. உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் பின்புறம் செருகினால் ஓடும். அத்தைக்குத் தெரியும். சொன்னபடி செய்தேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் வேறு குரலையோ இசையையோ வைக்க மனம் வரவில்லை. ஆகவே படத்தில் ஒலியே இல்லை. வெண்ணந்தூரிலும் அப்படியே காட்டுவேன்.

தாய், பிரசவம் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளை பெறும் அறையின் கதவை நான் திறக்கவில்லை மாமா. பிரசவ நேரத்தில் வீட்டில் இல்லாமல் இருந்துவிட்டு, பிள்ளைக்குப் பேர் வைக்கும் நாளில் வந்து நின்று, தாங்களே பெற்றதுபோல் கதை சொல்கிறார்களே, அவர்களைப் பார்த்துத்தான் சிரித்தேன். பெற்றவள் படத்தில் குடத்தோடு வரிசையில் நிற்கிறாள். அவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அடுத்த முறை கவனியுங்கள்.

மங்கலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என்னால் வேறெதையும் நினைக்கமுடியவில்லை. இருமல் என்று நினைத்து நான் ஒலிவாங்கியை அணைத்தேன். அணைத்தது என் விரல்.

ஒரு வழி இருக்கிறது. கோபப்படாமல் படியுங்கள். பெங்களூரில் என் தோழன் சந்தோஷ்குமார் இருக்கிறான். பதிவில் இருக்கும் குரலைக் கொண்டு, அதே குரலில் புதிய சொற்களைப் பேசவைக்கும் கணினி அவனிடம் உண்டு. நீங்கள் மங்கலத்தை எழுதித் தந்தால் போதும். உங்கள் குரலே அதைப் பாடிவிடும். உங்கள் ஈடு மீட்கப்பட்டதாகும். படத்தில் சேர்க்கவேண்டாம். உங்களுக்கு மட்டும் என்றாலும் செய்து தருகிறேன்.

நந்தகுமாரிடமும் கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கறதுக்கு நடுவுல நான் சிக்னல் கம்பமா நிக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டு ஈரோட்டுக்கு வண்டி ஏறிவிட்டார்.

சுகன்யா

*

வெண்ணந்தூர்
குரோதி, ஆடி 20

சுகன்யாவுக்கு,

அந்தக் கணினியை என் குரலருகே கொண்டுவராதே. என் குரல் நாற்பத்தைந்து ஆண்டு நோன்பில் விளைந்தது. பாடுமுன் பசித்திருந்தது. பாடியபின் களைத்தது. பசியும் களைப்பும் அறியாத ஒன்று யாரை வேண்டுமானாலும் வாழ்த்தும். கேட்பவன் யாரென்று பாராமல் வாழ்த்தும். அது மங்கலம் ஆகாது. நீ அன்பினால் சொன்னாய் என்பதை அறிவேன். ஆதலால் இதோடு விடுகிறேன்.

இனி வேறு செய்தி.

உன் ஊமைப் படத்தைப் பார்த்தேன். உன் அத்தை செருகிக் கொடுத்துவிட்டுத் தறிக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டாள். வெளியே ஆடிக்காற்று. சன்னல் அடித்துக்கொண்டிருந்தது. நான் தனியே இருந்தேன்.

ஒலியில்லாத அந்த நாடு எனக்குக் கனவில் முன்னரே கண்ட இடம்போலிருந்தது. ஏரியின் பாளம் பாளமான தரையில் கானல் ஓடுகிறது. அமைச்சர் குடை பிடித்துக்கொண்டு நூலால் எல்லை அளக்கிறார். நூல் காற்றில் வளைகிறது, எல்லையும் வளைகிறது. கொடியில் நிறமில்லை. நாட்டுக்குச் சாதகம் கணித்த சோதிடர் செவ்வாய் தோஷம் கண்டு, பரிகாரமாக நாட்டை ஒரு வாழைமரத்துக்கு மணம் முடித்துவைக்கிறார். குடத்தோடு நிற்கும் பெண்களின் நிழல் மட்டும் அவர்களைவிட்டு நகர்ந்து, தண்ணீர் லாரியை நோக்கி நடந்துபோகிறது. இதையெல்லாம் நான் சேலத்தில் பார்க்கவே இல்லை. அன்று என் குரலை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாதியில் ஒன்றை உணர்ந்தேன். என் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒலி இல்லாத திரைக்கு நான் ஒலியில்லாமல் பாடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காட்சியும் என் ஒரு மூச்சின் அளவு நின்றது. நான் அடி முடித்து மூச்சிழுக்கும் இடத்தில் காட்சி மாறியது. சீர் நீண்டால் கானல் நீண்டது. மோனை விழும் இடத்தில் கோழி கால் வைத்தது. என் புராணத்தை இந்த ஊர் நாற்பத்தைந்து ஆண்டு கேட்டது. என் மூச்சை இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

அப்போது சோதிடர் வாழைமரத்துக்குத் தாலி நீட்ட, மாரியப்பன் நாட்டின் சார்பாக நாணித் தலைகுனிந்தான். நான் சிரித்துவிட்டேன். எனக்குச் சிரிப்பிலும் ஒலி இல்லை. தோள் மட்டும் குலுங்கும். கண்ணில் நீர் வரும். உன் அத்தை திரும்பிவந்து பார்த்து, புரையேறிவிட்டதென்று பயந்து முதுகில் குத்தினாள்.

நான் வணங்கும் இறைவனை எங்கள் பெரியோர் பிச்சைக்காரன் என்று பாடினார்கள். பித்தன், சுடுகாட்டில் ஆடுபவன், உடுக்கத் துணியில்லாதவன் என்று ஏசினார்கள். ஏச்செல்லாம் அவனுக்கு மாலையாயிற்று. ஏச்சைப் பொறுக்காதது தெய்வமுமன்று, நாடுமன்று. இதை நான் ஆண்டுதோறும் மேடையில் சொல்லிவந்தேன். சேலத்தில் இரண்டாம் வரிசையில் இருந்தபோது மறந்தேன்.

ஆகவே என் குரலை மீண்டும் வைத்துக்கொள். ஒரே நிபந்தனை. ஏசியவர்கள் ஏசலின் முடிவில் வாழ்த்தினார்கள். உன் படம் ஏசிவிட்டு எழுந்துபோகிறது. மங்கலம் வேண்டும். எனக்குக் குரலில்லை, கணினிக்கு உரிமையில்லை. ஏசியது நீ. அந்த நாட்டை நீயே, உன் வாயால், அவையின் முன் நின்று வாழ்த்தவேண்டும். மன்னனும் அவன் கொற்றமும் வாழ்க என்று முறைப்படி ஒரு செய்யுள் எழுதித் தருகிறேன்.

முருகானந்தம்

*

சூரமங்கலம்
2024 ஆகஸ்ட் 9

மாமா அவர்களுக்கு,

நீங்கள் சிரித்தீர்கள் என்ற வரியை அத்தை போனிலும் உறுதிசெய்தார்கள். “குத்துன குத்துல எனக்குத்தான் கை நோவுது” என்றார்கள். அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

மூச்சைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஐந்து மாதம் அதைத்தான் செய்தேன். நீங்கள் பாடியதைக் காணொளியாகவும் பிடித்திருந்தேன் அல்லவா? உங்கள் உதட்டையும் ஒலியையும் வைத்துக்கொண்டு, எங்கே மூச்சு எடுக்கிறீர்கள் என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன். மருத்துவமனையில் நீங்கள் கண்மூடிப் படுத்திருந்த வாரத்தில் அதே வேலையில் இருந்தேன். எனக்கு வேறு வழிபாடு தெரியாது.

ஆனால் உங்கள் நிபந்தனையை என்னால் ஏற்கமுடியவில்லை. மன்னன் வாழ்க என்று என் வாய் சொல்லாது. பொய்யாகச் சொல்லலாம், நடிக்கலாம். அப்படிச் சொன்னால் அது உங்களுக்கு நான் செய்யும் இரண்டாவது கபடம். ‘மன்னன் வாழ்க’ இல்லையென்றால் மங்கலம் இல்லை என்பது விதியானால், படத்தை ஊமையாகவே காட்டுகிறேன். கோபித்துக்கொண்டு எழுதவில்லை. நீங்கள் நம்பிப் பாடிய பக்கத்தில் நான் நம்பாமல் நிற்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

திரையிடலுக்கு இன்னும் ஒன்பது நாள்.

சுகன்யா

*

வெண்ணந்தூர்
குரோதி, ஆடி 28

சுகன்யாவுக்கு,

உன் மறுப்பைப் படித்து முதலில் தாளைக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன்.

மன்னனை வாழ்த்துவது விதி என்றுதான் கற்றேன். ஆயினும் மன்னன் வாழ்ந்தால் மழை பொழியும், மழை பொழிந்தால் குடி வாழும் என்பதே அதன் காரணம். உன் நாட்டில் மன்னன் லாரியின்மேல் இருக்கிறான். குடி வரிசையில் நிற்கிறது. இடையில் இருப்பவனை விட்டுவிட்டுக் குடியையும் மழையையும் நேரே வாழ்த்தினால் எந்த இலக்கணம் அழுதுவிடும்? மூன்று நாள் ஆராய்ந்தேன். ஒன்றும் அழவில்லை.

செய்யுள் இது:

கோல்பிடித் தவரை விட்டுக் குடம்பிடித் தவர்கள் வாழ்க
கால்கடுத் திடவே நின்று காத்திருந் தவர்கள் வாழ்க

மேல்திசை முகிலும் வந்து மெல்லவே பொழிக மாதோ.

நடுவில் ஓரடி வெறுமையாக விட்டிருப்பதைக் காண். மூன்றாம் அடி எனக்கு வரவில்லை. எழுதி எழுதி அடித்தேன். வருவதெல்லாம் பழைய சொல்லாக இருக்கிறது, உன் நாட்டுச் சொல்லாக இல்லை. என் மூச்சின் அளவை அறிந்தவள் நீ. நீ எழுது.

முருகானந்தம்

*

சூரமங்கலம்
2024 ஆகஸ்ட் 15

மாமா அவர்களுக்கு,

கீழே தெருவில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு மேலே வந்து எழுதினேன். யாப்பு எனக்குத் தெரியாது. உங்கள் பதிவை ஓடவிட்டு, அதன்மேல் சொல்லிச் சொல்லிப் பார்த்து, இடறாத சொற்களை வைத்தேன்.

நூல்பிடித் தளந்த எல்லை நொடியினில் அழிந்து போக

சரியா? இதற்கு உடன்பட்டால் நான் நிற்கிறேன், சொல்கிறேன். இந்த வாழ்த்தில் என்னால் நம்பமுடியாத சொல் ஒன்றும் இல்லை. நந்தகுமார் நாளை அந்தப் பக்கம் வருகிறார். கம்பமாக நிற்கமாட்டாராம், தபால்காரராக வருவாராம்.

சுகன்யா

*

வெண்ணந்தூர்
குரோதி, ஆடி 31, நந்தகுமார் கையில்

சுகன்யாவுக்கு,

விரல்விட்டு எண்ணினேன். சீரும் தளையும் மோனையும் ஓரிடத்திலும் வழுவவில்லை. என் நெஞ்சு நிறைந்தது.

ஒன்று மட்டும். மங்கலச் செய்யுளில் அழிவு என்ற சொல் வருதல் ஆகாது. இதில் நான் இணங்கமாட்டேன். நீ அழிக்க விரும்பும் எல்லையை நான் காக்க விரும்பவில்லை, அஞ்சாதே. இப்படிச் சொல்:

நூல்பிடித் தளந்த எல்லை நுழைவழி யாகி நிற்க

உடன்படாவிட்டால் உன் அடியையே சொல். அவையில் நிற்பவள் நீ. நான் இரண்டாம் வரிசையில் இருப்பேன்.

முருகானந்தம்

*

சூரமங்கலம்
2024 ஆகஸ்ட் 20

மாமா அவர்களுக்கு,

அன்று மண்டபத்தில் கூட்டம் கலைந்தபோது உங்களைச் சுற்றி ஊரே நின்றது. நான் கிட்டே வரமுடியவில்லை. பிறகு நாற்காலிகளை எண்ணி ஒப்படைக்கும் வேலை. ஆகவே எழுதுகிறேன்.

உங்கள் குரல் தொடங்கியதும் வெண்ணந்தூர் கைகூப்பியது. சேலத்தில் முதல் செய்யுளிலேயே சிரித்தார்கள். இங்கே சஷ்டிப் புராணம்போல் அமைதியாக உட்கார்ந்துவிட்டார்கள். கோழி லாரியைத் துரத்தும்போதுகூட ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் குப்பாயி அக்கா, “அதும் ஒரு சக்திதானுங்க” என்று பக்கத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. படம் தோற்றது என்று நினைத்தேன். பிறகு வாழைமரம் வந்தது. முதலில் அசைந்தது உங்கள் தோள்தான். பெரியவரே சிரிக்கிறார் என்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராகச் சிரிக்கத் தொடங்கினார்கள். அடுத்த இருபது நிமிடம் நிற்கவில்லை. மாரியப்பன் அண்ணன் எழுந்து மகுடமில்லாத தலையோடு எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

படம் முடிந்து நான் திரைக்கு முன் வந்தேன். “மங்கலம்” என்றேன். நீங்கள் கவனித்தீர்களா? அந்தச் சொல்லைக் கேட்டதும், சிரித்த வாய் மூடாமலே எல்லோரும் எழுந்து நின்றார்கள். பழக்கம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் வாழ்நாளில் ஒருமுறைகூட எனக்காக ஒரு கூட்டம் எழுந்து நின்றதில்லை.

முதல் இரண்டு அடியைச் சொன்னேன். குடம் பிடித்தவர்கள் என்றபோது, படத்தில் குடத்தோடு நின்று, அன்று அவையிலும் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் அடிக்கு வந்தேன். இரண்டும் என் நாக்கில் இருந்தன, உங்களுடையதும் என்னுடையதும். இரண்டு நாளாக முடிவுசெய்யாமல்தான் இருந்தேன். அத்தனை முகங்களைப் பார்த்துக்கொண்டு ‘அழிந்து’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நுழைவழி என்றேன்.

அதோடு நாலாம் அடி மறந்துபோயிற்று.

முழுதாக. ஒரு சொல் இல்லை. மேல் என்று தொடங்கும் என்பதுகூட நினைவில் இல்லை. கூட்டம் நிற்கிறது. மங்கலம் மறுபடியும் முடியாமல் நிற்கப்போகிறது என்று நினைத்தேன். அப்போது உங்களைப் பார்த்தேன். கழுத்துத் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நீங்கள் பாடிக்கொண்டிருந்தீர்கள். ஒலி இல்லை, உதடு மட்டும். அந்த உதட்டை ஐந்து மாதம் பார்த்த கண் எனக்கு. மேல்திசை என்றது உதடு. நான் மேல்திசை என்றேன். முகிலும் வந்து என்றது. நானும் சொன்னேன். கடைசி வரை ஒவ்வொரு சீராக உங்கள் வாயிலிருந்து எடுத்து என் வாயால் சொன்னேன்.

ஆகவே அந்த மங்கலத்தைப் பாடியது யாரென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். ஆவணி கடைசியில் இந்தப் படத்தைக் கொச்சியில் கேட்கிறார்கள். உங்கள் உத்தரவு இல்லாமல் பதில் அனுப்பமாட்டேன்.

சுகன்யா

*

வெண்ணந்தூர்
குரோதி, ஆவணி 7

சுகன்யாவுக்கு,

பாடல் நிறைவுற்றது. கொச்சிக்குக் கொண்டுபோ. நானும் வருவேன். மங்கலம் சொல்லும்போது எதிரே நான் இருக்கவேண்டும் என்று அங்குள்ளோரிடம் சொல்லி, இரண்டாம் வரிசையில் இடம் வைக்கச் சொல்.

ஒரு திருத்தம். நாலாம் அடியில் ‘மெல்லவே’ என்பதை நீ வெகுவாக நீட்டிவிட்டாய். அவையோர் அதை உருக்கமென்று கொண்டாடினார்கள். அவ்விடத்தில் நான் நீட்டவில்லை அம்மணி, மூச்சு வாங்கினேன்.

முருகானந்தம்